காசித் திங்கள்

பூங்காவனம் அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் ஒரு சாக்கு மூட்டையைத் திட்டிக்கொண்டிருந்தார். நாடு சுதந்திரம் பெற்றுச் சில வாரங்கள் ஆகியிருந்தன. மலாக்காவில், காஜா பெராங்கில் நான் வாடகைக்கு இருந்த அறைக்குப் பின்னால் ஒரு காய்கறி நிலம். அதன் ஓரமாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"தம்பி, அந்த சைக்கிளு சும்மாத்தானே போவுது?"

"பள்ளிக்கூடத்துக்குப் போறேங்க்கா."

"போற வழியில குப்பமேடு இருக்குல்ல, இத அங்க எறக்கிட்டுப் போ. இங்கயே போட்டா நாளைக்கே எழுந்து உக்காந்துக்கும், சனியன்."

மூட்டை நிறைய லாலான் வேர். அந்தப் புல்லை வெட்டினால் போகாது, எரித்தாலும் போகாது. ஊசிபோல் முனைகொண்ட வெள்ளை வேர் மண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒடிந்த துண்டு ஒவ்வொன்றும் ஒரு புது லாலான். அன்று சட்டையில் மண்ணோடுதான் பாடம் நடத்தப் போனேன். எங்கள் ரப்பர் தோட்டத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆளும் நான்தான். அந்தச் சட்டையைப் பட்டமளிப்புக்காகத் தைத்திருந்தேன். இருந்தாலும் அந்த மூட்டையை மறுக்க வாய் வரவில்லை. என் அம்மாவும் தோட்டத்தில் புல்லுவெட்டுக் கும்பலில் இருந்தவர்.

நிலம் ஷரீஃபுதீன் பாய்க்குச் சொந்தம். துக்காங் எமாஸ் தெருவில் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் அவருக்கு மளிகைக்கடை. வெறும் நிலத்தில் லாலான் ஆளுயரம் வளர்ந்து, பாம்பு வருகிறது, தீப்பிடிக்கிறது என்று அக்கம்பக்கத்தார் ஓயாமல் முறையிட்டார்கள். அவர் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, வாடகை இல்லாமல் காய்கறி போடக் கொடுத்துவிட்டார். இரண்டே நிபந்தனை. லாலான் தலை தெரிந்தால் துண்டு கைமாறும். பக்கத்துத் துண்டோடு தகராறு வந்தாலும் கைமாறும். துண்டுக்காகக் காத்திருந்தவர்கள் பலர்.

அக்காவுக்கு அந்தத் துண்டு கிடைத்தது கடைசியாக. அதனால் இருப்பதிலேயே மோசமான மூலை. அவர் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் கும்பலோடு புல்லுவெட்டப் போனார். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றார்கள். வாங்கியவர்கள் லயத்து வீட்டைக் காலிசெய்யச் சொன்னார்கள். புருஷன் ஜெயபாலன் டவுனில் லோரிக்கு மூட்டை ஏற்றப் போனார். அக்கா நான்கு வீடுகளில் துணி துவைத்தார்.

"இருவது வருசம் புல்லு புடுங்குனேன், வாத்தியாரே," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "மண்டோரு காட்டுன எடத்துல புடுங்குனேன், போதும்னா நிறுத்துனேன். புடுங்குன எடத்துல என்ன மொளைக்கும்னு நாங்க நின்னு பாத்ததே இல்ல. இங்கதான் பாக்கப்போறேன்."

விடியும்போதே வந்துவிடுவார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பின்பக்கமாகவே நகர்ந்து, மண்ணைக் கொத்திப் பொலபொலவென்று உதிர்த்து, விரலால் அரித்து வேரைப் பொறுக்குவார். கோரை என்றால் அடியில் இருக்கும் கிழங்குவரை தோண்டுவார். தொட்டாற்சிணுங்கியின் முள்ளெல்லாம் அவர் கைக்கு ஒரு பொருட்டே இல்லை. பயற்றங்கொடியும் மிளகாயும் வைத்த பிறகும் தினம் ஒரு சுற்று. ஈரத்தில் நேற்று இரவு தலைநீட்டியது இன்று காலை அவர் மடியில் இருக்கும்.

பக்கத்துத் துண்டுக்காரர் கலியாணசுந்தரம் பிள்ளை. அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறையத் திருநீறு, இடுப்பில் சாரோங். அவர் மலாக்காச் செட்டி. அவர்கள் பல தலைமுறையாக இந்த ஊரில் இருப்பவர்கள். சாமியும் பெயரும் நம்முடையவை. வீட்டில் பேசுவது ஒரு தினுசு மலாய். இது டவுனில் இருந்த எங்களுக்குத் தெரியும். தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்த அக்காவுக்குத் தெரியாது. பிள்ளை அதிகம் பேசாதவர் வேறு. கைகூப்புவார், தலையாட்டுவார், அவ்வளவுதான்.

இரண்டு துண்டுக்கும் நடுவே, பிள்ளையின் ஓரத்தில், ஒரு பச்சைப் படர்வு இருந்தது. பார்த்தால் வெற்றிலைபோல, ஆனால் சிறிது, பளபளப்பு அதிகம். கணுவுக்குக் கணு வேர்விட்டு எல்லையைத் தாண்டி அக்காவின் பக்கம் வந்துகொண்டிருந்தது. காட்டு வெற்றிலை என்று அக்கா நினைத்தார். பாய் வந்து பார்த்தால் யாருடைய களை என்றா கேட்பார்? ஒரு சனிக்கிழமை, பிள்ளையைக் கூப்பிட்டு அதைக் காட்டி, பிடுங்கட்டுமா என்று கையால் கேட்டார்.

பிள்ளை பதறிப்போய்க் கையை ஆட்டினார். "இத்து காசி திங்கால், காக். காசி திங்கால்."

அக்காவின் காதில் விழுந்தது காசித் திங்கள். சந்தையில் யாராவது மலாய் பேசினால் அவருக்கும் ஓரளவு புரியும். ஆனால் திருநீறு பூசிக்கொண்டு, கலியாணசுந்தரம் என்று பெயர் வைத்துக்கொண்டு நிற்பவர் மலாய் பேசுவார் என்று அந்தக் காது எதிர்பார்க்கவில்லை. ஏதோ விசேஷத் திங்கட்கிழமை வருகிறது, அதற்கு முன்னால் செடியில் கைவைக்கக் கூடாது என்கிறார், பக்தியான மனிதர்.

"சரிங்கய்யா, திங்கக்கெழமையே வச்சுக்கலாம்," என்றார். பிள்ளையும் நிம்மதியாகத் தலையாட்டினார்.

திங்கட்கிழமை விடியற்காலையில் அக்கா தலைக்குக் குளித்து, சூடம் கொளுத்திவிட்டு, அந்தப் படர்வு முழுவதையும் பிடுங்கினார். ஒரு கணு மிஞ்சாமல் அரித்துப் பொறுக்கிக் குப்பைமேட்டில் எறிந்தார். குப்பைமேட்டில் அன்றே தீ வைத்துவிட்டார்கள்.

மறுநாள் மாலை நான் வந்தபோது நிலத்தில் கூட்டம். பிள்ளை முகம் சிவக்க நின்றார். ஷரீஃபுதீன் பாய் குடையை ஊன்றிக்கொண்டு நடுவில் நின்றார்.

"அவரு செடிய எதுக்கும்மா புடுங்குன?"

"அவருதான் பாய் சொன்னாரு, காசித் திங்களுக்குப் புடுங்குன்னு. சூடம்கூடக் காட்டிட்டுத்தான் கை வச்சேன்."

பாய் என்னைப் பார்த்தார். "என்ன வாத்தியாரே, உங்க சாமில காசித் திங்கள்னு ஒண்ணு இருக்கா?"

படித்த விரதங்களையெல்லாம் மனத்துக்குள் புரட்டினேன். அப்படி ஒன்றும் அகப்படவில்லை. வாய்விட்டு இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். காசி திங்கள். காசி திங்கால். அப்போதுதான் பிடிபட்டது. "பாய், அவர் மலாய்ல சொல்லியிருக்கார். 'காக்'னா அக்கா. 'காசி திங்கால்'னா இருக்கட்டும், விட்டுடுன்னு."

பாய் குடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அக்காவும் பிள்ளையும் மட்டும் சிரிக்கவில்லை.

அது காடோக் கீரை. பிள்ளையின் தாயார் கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. தாயார் அதை நட்டு வளர்த்த வீடு கைமாறியபோது பிள்ளை ஒரு கொடியைப் பெயர்த்துவந்து இங்கே நட்டிருந்தார். இறந்தவர்களுக்குப் போகியன்று படைக்கும் பார்ச்சுச் சடங்கில், தாயாருக்கு அந்த இலையில் சுற்றிய மீன் வைப்பது அவர் வீட்டு வழக்கம். காடோக் சந்தையிலும் கிடைக்கும். ஆனால் அது தாயார் கை பட்டதாகாதே.

பாய் சிரிப்பை நிறுத்தினார். "தப்பு யாரு மேலயும் இல்ல. ஆனா மனத்தாங்கலோட ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல இருக்க முடியாது, தங்கச்சி. பார்ச்சு முடிஞ்சு வாரேன். உன்ன வச்சுக்கலாம்னு அவரு சொன்னா இரு. இல்லேன்னா துண்ட அடுத்த ஆளுக்குக் குடுத்துருவேன்."

அன்றிலிருந்து அக்காவின் வேலை தலைகீழானது. விடியற்காலையில் வருவார், குத்துக்காலிட்டு உட்காருவார், ஒரு காடோக் துளிராவது கண்ணில் படாதா என்று தேடுவார். தன் கை எங்காவது பிசகியிருக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதன்முறையாக வேண்டிக்கொண்டார். பிசகவில்லை. கோரை முளைத்தது, லாலான் முளைத்தது. அவற்றைப் பிடுங்கிக்கொண்டே தேடினார்.

"கொஞ்சம் சோம்பேறியா இருந்து தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றார் ஜெயபாலன். "நல்லா வேல செஞ்சுட்டோமேன்னு அழுவுற பொம்பளைய இப்பத்தான் பாக்குறேன்."

"நீ பேசாத. ஒன்ன மாதிரி ஒருநாளாவது இருந்திருந்தா இந்நேரம் காடா மண்டியிருக்கும்."

மழைக்காலம் வந்தது. மார்கழி பிறந்து சில நாள் ஆகியிருக்கும். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அக்கா வேலியோரம் ஓடிவந்தார்.

"வாத்தியாரே, வந்து பாரு. தொட்டுடாத."

இரு துண்டுக்கும் எல்லையாக நட்டிருந்த செங்கல்லின் அடியிலிருந்து, பயற்றம்பாத்திப் பக்கமாக, ஒரு துளிர் வளைந்து வெளியே வந்திருந்தது. இரண்டு இலை. எண்ணெய் தடவியதுபோல் பளபளப்பு.

"அந்தக் கல்ல மட்டும் நான் நவுத்தல. நவுத்துனா எல்லைய மாத்துறான்னு பேச்சு வரும்னு பயம்," என்றார். பிறகு சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு பிள்ளையின் வீட்டுக்கு நடந்தார். நானும் கூடப் போனேன், பேச்சுத் துணைக்கு. அதற்குத் தேவையே இருக்கவில்லை. கதவைத் திறந்த பிள்ளையிடம் அக்கா நிலத்தின் பக்கம் கையைக் காட்டி, "ஐயா, காசி திங்கால்," என்றார்.

பிள்ளை செருப்பில்லாமல் வந்தார். ஈரமண்ணில் முழங்காலிட்டு ஓர் இலையின் ஓரத்தைக் கசக்கி முகர்ந்தார். பிறகு அக்காவும் அவருமாகச் செங்கல்லை மெல்லத் தூக்கினார்கள். அடியில் மூன்று கணு வெள்ளை வேரோடு கிடந்தது.

பெரிய அறுவடை ஒன்றுமில்லை. பார்ச்சுக்குள் ஒரு மீன் துண்டைச் சுற்றும் அளவுக்குத்தான் இலை தேறியது. வேண்டியதும் அவ்வளவுதான். படையல் முடிந்த மறுநாள் பிள்ளையின் மனைவி ஒரு மூடுசட்டியில் சோறும் கறியும் அக்காவின் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.

பாய் சொன்னபடி வந்தார். "என்ன சொல்றீங்க?" என்று மலாயில் கேட்டார்.

பிள்ளை அக்காவைக் காட்டினார். "காக்? காசி திங்கால்."

இந்த முறை யாரும் மொழிபெயர்க்கவில்லை. அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "இன்னிக்கி என்ன கெழம, வாத்தியாரே?" என்று என்னிடம் கேட்டார்.

இது நடந்து ஆறேழு வருடம் ஆகிறது. நான் இப்போது புக்கிட் காத்தில் என்னும் பகுதியில் குடியிருக்கிறேன். பூங்காவனம் அக்கா காஜா பெராங்கில், அதே மூலைத் துண்டில்தான் இருக்கிறார். இப்போதும் விடியும்போதே வந்து களை எடுக்கிறார். நடு எல்லையில் காடோக் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. அது பாத்திக்குள் இறங்கும்போது பிடுங்குவதில்லை. பெயர்த்து எல்லைப் பக்கமே திருப்பி நடுகிறார்.