தலை எண்ணாமல் வண்டி எடுப்பதில்லை

வண்டியில் ஏறியவர்களை ஏறிய வரிசையிலேயே சொல்கிறேன். முதலில் கோச், ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் விசில். அடுத்து எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர், பெரிய உடம்பு. அடுத்து பள்ளிக்கூட வாத்தியார், ஒல்லி, வழுக்கை. பிறகு அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே முகம். பிறகு முழங்காலில் பட்டை கட்டியவர். பிறகு பந்தை உதைக்கிற நெட்டையர். பிறகு பேங்கில் வேலை பார்க்கிற மூன்று பேர், ஒரே பிளாட்டில் இருப்பவர்கள். பிறகு எப்போதும் காதில் ஒயர் மாட்டியிருப்பவர். கடைசியாக யாழ்ப்பாணத்துத் தம்பி.

எல்லாரும் கனடாக்காரர்கள். தம்பியும் அங்கே வளர்ந்தவர்தான். ஆறு வயதில் போனாராம். ஆனால் தமிழ் விடவில்லை. என் பக்கத்து சீட்டில்தான் உட்காருவார்.

என்னைச் சேர்க்கவில்லை. டிரைவர் எண்ணிக்கையில் வரமாட்டான். பன்னிரண்டு என்று இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதினேன். போகும்போது எத்தனையோ, வரும்போதும் அத்தனை. நான் வண்டி ஓட்டுவது அப்படித்தான்.

மே மாதக் கடைசி. சனிக்கிழமை. அபுதாபியிலிருந்து முசஃபா தொழிற்பேட்டை தாண்டி ஒரு வாடகை மைதானத்துக்கு அவர்களைக் கொண்டுபோய் விட்டு, திரும்பக் கூட்டிவர வேண்டும். அந்த மாதம் எனக்கு அதுதான் சனிக்கிழமை டூட்டி.

அவர்கள் ஆடுவதற்கு ஃபுட்பால் என்று பெயர். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். தலையில் ஹெல்மெட், தோளில் கட்டை மாதிரி ஒன்று. ஜூன் முதல் வாரம் இங்கே இருக்கிற அமெரிக்காக்காரர்களோடு ஒரு ஆட்டம். அதற்குத்தான் பயிற்சி.

"பக்கத்து நாட்டுக்காரங்கதானே, ஒரே ஆட்டந்தானே?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. அவங்களுக்கு பதினொரு பேர். எங்களுக்குப் பன்னிரண்டு. அவங்கள் பதினொண்டிலதான் ஆடோணும் எண்டு நிக்கிறாங்கள். கோச் மாட்டன் எண்டுட்டார். எங்கட நாட்டையே தங்களோட சேர்க்கப் போறம் எண்டு கதைக்கிறாங்கள், ஆட்டத்தையும் குடுக்கிறதோ எண்டு கேக்கிறார்."

பன்னிரண்டு பேருக்கு மேல் ஆள் கிடையாது. கோச்சும் இறங்கி ஆடினால்தான் பன்னிரண்டு.

வண்டியில் எப்போதும் ஊர் டீம் பேச்சுதான். அங்கேயும் சீசன் தொடங்கவில்லை. டீம்கள் கேம்ப் போட்டு ஆளை வைக்கிற, கழிக்கிற நேரமாம். அன்றைக்கு இன்ஜினியர்தான் அதிகம் பேசினார். வாத்தியாரைப் பார்த்து ஏதோ சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது.

"என்ன சொல்றாரு தம்பி?"

"வாத்தியாற்ற ஊரில காடு எரியுது. புகையால பயிற்சி ஆட்டத்தை நிப்பாட்டிப் போட்டாங்கள். புகைக்கே பயந்து ஓடுற டீம், எங்களைக் கண்டா எங்க ஓடும் எண்டு பகிடி பண்றார்."

கொஞ்ச தூரம் போனதும் தம்பி குரலைத் தாழ்த்தினார். "வாத்தியாற்ற அம்மாவையும் வீட்டை விட்டு வெளிக்கிடச் சொல்லிப்போட்டாங்களாம். தனிய இருக்கிற மனுசி. கார் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டாவோ இல்லையோ தெரியாது. காலமையில இருந்து போன் எடுபடேல்லை. எனக்கு மட்டுந்தான் சொன்னவர்."

"இன்ஜினியர்கிட்ட சொல்லிடுறதுதானே, கிண்டலை நிறுத்துவாரு."

"நான் சொல்ல ஏலாது அண்ணை. வாத்தியார்தான் சொல்லோணும்."

நாலே கால் மணிக்கு இறக்கிவிட்டேன். வண்டி மீட்டரில் வெளிச்சூடு நாற்பத்து மூன்று. ஜூன் பதினைந்திலிருந்துதான் மத்தியான வெயிலில் வெளிவேலைக்குத் தடை. அதுவும் வேலைக்குத்தான். விளையாட்டுக்கு இல்லை.

ஐந்து மணிக்குத் தண்ணீர் குடிக்க வண்டிப் பக்கம் வந்தார்கள். ஆரஞ்சு நிற டிரம்மில் ஐஸ் போட்டு வைத்திருந்தார்கள். அங்கேதான் தொடங்கியது. முதலில் டீம் பேச்சு. பிறகு காடு. பிறகு எண்ணெய். இன்ஜினியருடைய மாகாணத்தில் எண்ணெய் எடுக்கிறார்களாம். நாங்கள் உழைக்கிறோம், நீங்கள் தின்கிறீர்கள், பேசாமல் தனி நாடாகப் போய்விடுவோம் என்றாராம். வாத்தியார் எழுந்து நின்றார்.

"நீ எரிக்கிற எண்ணெய்தான் எங்கட காட்டை எரிக்குது எண்டு சொல்றார்" என்றார் தம்பி.

"அதுக்கு அவரு?"

"உன்ர பள்ளிக்கூட ஏசி என்னத்தில ஓடுது, மூத்திரத்திலயோ எண்டு கேக்கிறார்."

இரண்டொருவர் சிரித்தார்கள். வாத்தியார் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் போட்டார். எறியவில்லை, போட்டார். கேட்டைத் தாண்டி நடந்தார். கையில் தண்ணீர் இல்லை. தோள்கட்டையைக்கூடக் கழற்றவில்லை.

நெட்டையர் கூப்பிடப் போனார். கோச் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கோவத்தில போறவனைத் தனிய விடோணும் அண்ணை. எங்கட ஊரில அப்பிடித்தான். ஒரு சுத்து நடந்திட்டு வந்திடுவினம்."

"அங்க சரி தம்பி. அங்க காத்து குளிரும்."

தம்பி என்னைப் பார்த்தார். கோச் விசில் ஊதினார். ஓடிவிட்டார்.

நான் பின்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. வண்டியை விட்டுப் போகக் கூடாது என்பது கம்பெனி உத்தரவு. அதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம்.

ஆறு மணிக்கு ஏறினார்கள். சீட்டின் முதுகைத் தட்டித் தட்டி எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். பதினொன்று.

சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன்.

"ஆளு குறையுது" என்றேன் தம்பியிடம். "சொல்லுங்க."

தம்பி சொன்னார். கோச் சிரித்தார். "பதினொண்டு எண்டா நாங்கள் அமெரிக்கர் ஆயிட்டம்" என்றாராம். அவன் டாக்சி பிடித்து வீட்டுக்குப் போயிருப்பான், எடு வண்டியை என்றார். போன் அடித்துப் பார்த்தார்கள். வாத்தியாருடைய போன் பின் சீட்டில் பையிலிருந்து அடித்தது.

அந்த ரோட்டில் டாக்சி வராது. எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது.

என் போனும் அடித்தது. சூப்பர்வைசர். ஏழு மணிக்கு ஒரு ஹோட்டல் டிரிப் இருந்தது.

"பாய், கிளம்பியாச்சா? ஜல்தி."

"ஒரு ஆள் இல்லை."

"பெரிய ஆளுங்கதானே, குழந்தையா? அவங்க போகச் சொன்னா போ. இன்னைக்கு டிரிப் போச்சுன்னா நாளைக்கு நீயும் போ."

போனை வைத்தேன். விசா புதுப்பிக்க இரண்டு மாதம் இருந்தது. கோச் என் முகத்துக்கு நேரே நின்று கையை நீட்டினார். சாவி கேட்கிறார். நான் கொடுக்கவில்லை. என் ஆங்கிலம் கொஞ்சம்தான். "ட்வெல்வ்" என்றேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

முன்பு ராஸ் அல் கைமாவில் கல் குவாரிக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் ஃபோர்மேன் எல்லாரும் ஏறியாச்சு என்றான். எடுத்தேன். அன்று நான் எண்ணவில்லை. ஒருவன் குவாரியிலேயே விடுபட்டுப்போனான். மறுநாள் காலை போய்ப் பார்த்தோம். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்லவில்லை.

கோச் திரும்ப ஏதோ சத்தமாகச் சொன்னார். அப்போது இன்ஜினியர் பின்னால் எழுந்தார். என் கையைப் பார்த்தார். கோச்சிடம் நாலு வார்த்தை சொன்னார்.

"எண்ணெய்க் கிணத்திலயும் தலை எண்ணாமல் ஒருத்தரும் அசையிறேல்லையாம்" என்றார் தம்பி. "டிரைவர் சொல்றதுதான் சரியாம்."

அவர்தான் முதலில் இறங்கினார்.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் திருநெல்வேலிக்காரர்.

"அண்ணாச்சி, ஒரு ஆளு வெளிய போனாரே, எந்தப் பக்கம்?"

"அந்த ஒல்லிப் பயலா? செவுத்தோரமா நீல கன்டெய்னரப் பாக்க நடந்து போனாம்லா. அது ஆச்சு நேரம்."

"கூப்பிடலையா?"

"வெள்ளக்காரன எதுக்குக் கூப்பிட? அவனுக்கு ஆயிரம் சோலி இருக்கும்னு நெனச்சேன். ஏன், வரலியா?" முகம் மாறிவிட்டது. அவரும் கூட ஓடி வந்தார்.

ஐஸ் டிரம்மை வண்டியில் ஏற்றச் சொன்னேன். சுவரோரமாக மணல் பாதையில் எடுத்தேன். டயர் புதையும் என்று பயம். சுவர் முடிகிற இடத்தில் பழைய கன்டெய்னர்கள் வரிசையாக இருந்தன. முதல் இரண்டின் பின்னால் இல்லை. மூன்றாவதன் நிழலில் உட்கார்ந்திருந்தார். கால் நீட்டி, தலை தொங்கி.

தொட்டேன். தோல் காய்ந்து கிடந்தது, வேர்வையே இல்லை. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி சுட்டது. வேர்வை நின்றால் நேரம் இல்லை என்று நாங்கள் தங்குகிற கேம்பில் சேஃப்டி ஆபீசர் வாரா வாரம் சொல்வார். கத்தரி கேட்டேன். முழங்கால்காரரிடம் இருந்தது. பனியனையும் தோள்கட்டை வாரையும் வெட்டினேன். கக்கத்திலும் கழுத்திலும் தொடையிடுக்கிலும் ஐஸ் வைத்தோம். டிரம்மைத் தலையோடு கவிழ்த்தோம். பேங்க்காரர்கள் துண்டால் விசிறினார்கள். கோச்தான் ஆம்புலன்சுக்குப் பேசினார்.

வாத்தியார் கண்ணைத் திறந்தார். யாரையும் அடையாளம் தெரியவில்லை. ஏதோ கேட்டார். திரும்பத் திரும்ப அதையே கேட்டார்.

"என்ன கேக்கிறாரு?"

"அம்மா கார்ல ஏறிட்டாவோ எண்டு."

இன்ஜினியர் தம்பியைப் பார்த்தார். தம்பி ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார். காடு, வீடு, எடுபடாத போன். இன்ஜினியர் மண்டியிட்டு வாத்தியார் தலையை மடியில் எடுத்து வைத்தார். அம்மா ஏறிவிட்டார், கதவைச் சாத்திவிட்டோம் என்று சொன்னாராம். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆனது. இன்ஜினியர் கூடவே ஏறிப் போனார்.

மற்றவர்கள் வண்டியில் உட்கார்ந்தார்கள். சூப்பர்வைசர் திரும்பப் போன் அடித்தார். வேறு வண்டி அனுப்பியாகிவிட்டது, நாளைக்கு ஆபீசுக்கு வா என்றார். போனேன். வார்னிங் லெட்டர் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டேன். ஆனால் கோச் அதற்குள் கம்பெனியில் யாருக்கோ எழுதியிருந்தார். விசா புதுப்பித்தார்கள். வாத்தியாருடைய அம்மா வேறு ஊரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் இருப்பதாக செவ்வாய்க்கிழமை தெரிந்தது. அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு நான் ஏசியைப் போட்டுவிட்டு வண்டியை எடுக்காமல் இருந்தேன். உள்ளங்கையில் எழுதியது ஐஸ் தண்ணீரில் அழிந்துவிட்டது. எல்லாரும் தம்பியின் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை மணி. முக்கால் மணி.

அடித்தது. இன்ஜினியர்.

தம்பி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சூடு இறங்கிட்டுதாம் அண்ணை. பேர் கேட்டா சொல்றாராம். இன்ஜினியரை அடையாளம் கண்டு பேசுறாராம்."

"ஏசுறாரா?"

"ஓம். நல்லா."

சாவியைப் பையிலிருந்து எடுத்தேன். எழுந்து சீட்டு முதுகுகளைத் தட்டிக்கொண்டு கடைசி வரை போய் வந்தேன். உள்ளே பத்து. ஆஸ்பத்திரியில் இரண்டு.

பன்னிரண்டு.