கைகாட்டு அக்காவின் கையுறை

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியான அவளுக்கு, கூட வேலை பார்க்கும் செவிலிகள் நாங்கள் வைத்த பெயர் "கைகாட்டு அக்கா". பெரிய டாக்டரே வந்தாலும் கட்டிலுக்கு முன்னால் மறித்துக்கொண்டு, "கையக் காட்டுங்க சார், தேய்ச்சீங்களா?" என்பாள். முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். ஆனால் நம் வீட்டு ஆள் அங்கே படுத்தால் அவள்தான் பார்க்க வேண்டும் என்று எல்லோருமே நினைத்தோம்.

ஒரு நோயாளியைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும் கிருமிநாசினி தேய்த்தாக வேண்டும். புதிதாக வாங்கிப் போட்ட சரக்கோ சுத்த நெருப்பு. அக்காவின் விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. கைக்குக் களிம்பு கேட்டு நடையாய் நடந்தாள். "அதெல்லாம் அழகு சாமான்மா, ஆஸ்பத்திரியில தரமாட்டாங்க," என்றார் ஸ்டோர்காரர். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சரக்கை அவர் கையிலேயே ஊற்றியிருப்பேன்.

எரிச்சல் தாங்காமல் அக்கா ஒரு குறுக்குவழி பிடித்தாள். கையுறையைக் கழற்றாமல் அதன் மேலேயே கிருமிநாசினியைத் தேய்த்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். கையுறையில் ஒட்டிய கிருமி அப்படியெல்லாம் முழுசாகப் போகாது. எங்கள் வேலையில் செய்யவே கூடாதது அது. ஊரையே கையைக் காட்டச் சொன்னவளிடம், உன் கையைக் காட்டு என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் கட்டில்காரருக்கு வழக்கமான மருந்து எதற்கும் மசியாத கிருமி. நான்காம் கட்டிலில் பள்ளி வேன் டிரைவர். தேறி, மறுநாள் வார்டுக்குப் போக இருந்தவர். திடீரென்று அவருக்குக் காய்ச்சல் அடித்தது. ரத்தத்தில் அதே கிருமி. மிச்சமிருந்த ஒரே மருந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

"நாந்தான்டி கொண்டுபோய்க் குடுத்துட்டேன்," என்றாள் அக்கா என்னிடம். தலைமைச் செவிலியிடமும் தானே போய்ச் சொன்னாள். கை ஆறும்வரை உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு. களிம்பு அன்றைக்கே வந்துவிட்டது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். வாசலில் காத்திருந்த டிரைவரின் மனைவி ஓடிவந்து அக்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அவருக்குக் காய்ச்சலாமே. வேற யாரையும் தொட விடாதீங்க. நீங்கதான் அவ்ளோ சுத்தமா பாப்பீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

அக்கா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். "முதல்ல போய்க் கையக் கழுவுங்கம்மா."

"பாத்தீங்களா, இதுக்குத்தான் உங்களக் கேக்குறேன்," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் குழாயைத் தேடிப் போனாள்.