ஷப்ரீன் வாங்கிய ரெண்டு ஃபேன் கார்டு

உத்திரமேரூர் பஜாரில் வீடியோ மிக்சிங் எங்கே என்று கேட்டால் எவரும் யோசிக்காமல் ஷப்ரீனின் கடையைக் காட்டிவிடுவார்கள். கணவர் பர்வேஸ் கல்யாணங்களுக்குப் போய் வீடியோ எடுப்பார். அதை வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு, சுருக்கி, பென் டிரைவில் ஏற்றித் தருவது ஷப்ரீன். ஒன்பது வருஷமாக இதே வேலை. அரசாணிக்கால் நடுவதிலிருந்து அருந்ததி பார்ப்பது வரை எது முன்னே எது பின்னே என்று பெண்ணைப் பெற்றவர்களே அவளிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஓடுகிற நேரம் குறையாமல் ஃபைலின் அளவை மட்டும் சுருக்குவதில்தான் ரோதனை. நம் ஜனங்களுக்குக் கல்யாண வீடியோ என்றால் ஐந்து மணி நேரமாவது ஓட வேண்டும். மேடை ஏறினவர், பந்தியில் உட்கார்ந்தவர், ஒருத்தர் விடாமல் தெரிய வேண்டும். கேமராவில் எடுத்தது அப்படியே எந்தப் பென் டிரைவிலும் அடங்காது. அடக்குவதற்கு அவளுடைய கிழட்டுக் கம்ப்யூட்டருக்குப் பதினாலு மணி நேரம் பிடிக்கும். நடுவில் கரண்ட் போனால் போச்சு, திரும்ப முதலிலிருந்து.

இந்த லட்சணத்தில்தான் மண்டபக்காரர் தாண்டவராயன் வந்து நின்றார். புதன்கிழமை அவர் மகள் செவ்வந்திக்குக் கல்யாணம்.

"இந்தாம்மா, வெள்ளிக்கிழமை மறுவூட்டு விருந்து. சொந்தபந்தமெல்லாம் கூடி டிவில பாக்கணும். பகலு பன்னண்டு மணிக்கு வீடியோ என் கைல இருக்கணும். எல்லாருக்கும் திருப்தியா இருந்திச்சின்னா, தை மாசத்துலேர்ந்து நம்ம மண்டபத்துல நடக்கற அத்தினி கல்யாணமும் உங்களுக்குத்தான். இல்லேன்னா வெளியூர் ஆள வெச்சிக்கினு போறேன்."

வெட்டி ஒட்டவே வியாழக்கிழமை முழுக்கப் போய்விடும், அப்புறம் சுருக்கப் பதினாலு மணி நேரத்துக்கு ஷப்ரீன் எங்கே போவாள்? ஊரில் பாதிக் கல்யாணம் அந்த மண்டபத்தில்தான். அது கை நழுவினால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

கம்ப்யூட்டருக்குள் கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை இருவரும் காஞ்சிபுரம் போனார்கள். மூன்று ஃபேன் சுழல, கலர் கலராக விளக்கெரியும் கார்டைப் பார்த்ததும் பர்வேஸ் சொக்கிப்போய்விட்டார்.

"இதான் ஷப்ரீன் சரி. பதினாறு ஜிபி கீது. பிச்சிக்கினு போவும்!"

"நாம இன்னா கேம் ஆடவா வாங்கறோம்? கம்னு இருங்க" என்றவள், கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்துக் கடைக்கார வினோத்குமாரிடம் நீட்டினாள். "தம்பி, இதுல தாலி கட்டற சீன் பத்து நிமிஷம் கீது. பூ, அட்சதை, பட்டுப்பொடவ ஜரிகை எல்லாம் வரும். வெச்சிருக்கற கார்டுங்கள்ல போட்டு சுருக்கிக் காட்டு, பாக்கலாம்."

வினோத்குமாருக்கு முகம் சுண்டிவிட்டது. வெண்டைக்காய் வாங்க வந்தவர் நுனியை ஒடித்துப் பார்ப்பதுண்டு. கார்டை இப்படிச் சோதிக்க வந்தவரை அவன் கண்டதில்லை. ஆனாலும் கடையில் ஈயாடிய நேரம், போட்டுக் காட்டினான்.

மலிவான பழைய மாடல் வேகமாகத்தான் முடித்தது. ஆனால் அட்சதை விழுகிற இடத்தில் ஜரிகைக் கட்டமெல்லாம் ஈஷிப் போயிருந்தது. பட்டு ஊரில் அப்படி ஒரு பெண்ணைக் காட்டினால் வீடு தேடி வந்து அடிப்பார்கள். ரெண்டு ஃபேன் வைத்த நடுத்தர கார்டில் ஜரிகை பளிச்சென்று இருந்தது. ஒரு நிமிஷம் இருபது விநாடி. மூன்று ஃபேனிலும் அதே பளிச்சு, அதே ஒரு நிமிஷம் இருபது விநாடி!

"அதெப்டி தம்பி?"

"வீடியோ சுருக்கறதுக்குன்னே உள்ள தனியா ஒரு சிப்பு கீதுக்கா. இந்த ரெண்டுலயும் ஒரே சிப்புதான். மிச்சமெல்லாம் கேமுக்கு" என்று வாயை விட்டான் வினோத்குமார்.

போதாததற்கு, பெரிய கார்டு அவளுடைய பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் நுழையவே நுழையாது. ரெண்டு ஃபேன் கார்டை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். பர்வேஸ் ஊர் வந்து சேரும்வரை உம்மென்று வண்டி ஓட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை, ஐந்து மணி நேரக் கல்யாணத்தைப் புது கார்டு முக்கால் மணி நேரத்தில் சுருக்கி முடித்தது. "யா அல்லா!" என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். பதினொன்றரைக்கெல்லாம் பென் டிரைவ் தாண்டவராயன் வீட்டில். பர்வேஸ் ஜும்மா தொழுகைக்குப் போய்விட, அவள் மட்டும் விருந்துக்கு இருந்தாள்.

ஒரு பக்கம் பந்தி, ஒரு பக்கம் டிவி. திடீரென்று பெருமாள் சாப்பிடாமலே இலையை மூடிவிட்டு எழுந்தார். அவர் தாண்டவராயன் மனைவியின் தம்பி, செவ்வந்திக்குத் தாய்மாமன், காவாந்தண்டலத்துக்காரர்.

"இன்னா மாமா இது? அம்பத்தோரு சீர்த்தட்டு, மேளம் வெச்சி, பஸ் ஸ்டாண்டுலேர்ந்து மண்டபம் வரைக்கும் நடந்தாந்தேன். ரெண்டே நிமிஷத்துல முடிச்சிட்டாங்கோ. என் மூஞ்சியே காணோம். அவ்ளோதானா நானு?"

அக்காக்காரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தாண்டவராயனின் பார்வை ஷப்ரீன் பக்கம் திரும்பியது.

அவளுக்குச் சட்டென்று புரிந்தது. பழைய கம்ப்யூட்டரில் ஒரு நிமிஷ வீடியோவுக்கு மூன்று நிமிஷம் காத்துக் கிடக்க வேண்டும். தெருவில் நடக்கிற கூட்டம்தானே என்று தாய்மாமன் சீர் ஊர்வலத்தை மட்டும் வருஷக்கணக்காக வெட்டிப் பழகின கை. புது கார்டு வந்த பிறகும் அது பாட்டுக்கு வெட்டியிருக்கிறது.

"அண்ணா, தப்பு என்னுதுதான். ஒன்னேகா மணி நேரம் குடுங்க. முழுசா சேத்துக் கொண்ணாறேன்."

"நான் மூணு மணி பஸ்சுக்குப் போயிடுவேன்" என்றார் பெருமாள், செருப்பைத் தேடியபடி.

மணி ஒன்றரை. ஸ்கூட்டியில் பறந்தாள். இருபத்திரண்டு நிமிஷ ஊர்வலத்தை அதன் இடத்தில் சேர்த்து, மொத்தத்தையும் மறுபடி சுருக்கப் போட்டாள். கரண்ட் மட்டும் போகக் கூடாது என்று வேண்டாத வேண்டுதலில்லை. ரெண்டே முக்காலுக்குப் பென் டிரைவோடு வந்து நின்றபோது, பெருமாள் வாசல் நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு தெருவையே பார்த்திருந்தார்.

அவள் உள்ளே போய் டிவியில் செருகி, நேரே ஊர்வலத்துக்கு ஓட்டினாள். மேளச் சத்தம் கேட்டதும் பெருமாள் திரும்பினார். டிவியில் அவர்தான். கையில் தட்டு, வேர்த்து வழியும் முகம், பின்னால் தெரு நிறைய ஜனம். இருபத்திரண்டு நிமிஷமும் நிலைப்படியில் நின்றபடியே பார்த்தார். பஸ் போய்விட்டது.

"யக்கா, இலை போடு. பசிக்குது" என்றார்.

"தை மூணாந்தேதி முகூர்த்தம் கீது. பர்வேஸ் பாய வரச் சொல்லும்மா" என்றார் தாண்டவராயன்.

தொழுகை முடிந்து வேறு வேலையாகப் போய்விட்டு மாலையில் கடைக்கு வந்த பர்வேஸ், செய்தி கேட்டுத் துள்ளினார். ஷப்ரீனுக்குத் துள்ள வரவில்லை.

"மண்டபமே நம்முளுதாயிடுச்சி. ஏன் ஒரு மாதிரி கீற?"

"ஒம்போது வருஷத்துல எத்தினி தாய்மாமனுங்கள வெட்டியிருப்பேன்? எல்லாரும் வூட்ல ஒக்காந்து பாத்திருப்பாங்கல்ல? ஒருத்தர்கூட வந்து கேக்கலியேங்க."