பிசிறில்லாத ஓரம்

ஜார்ஜெட் துணியில் ஒரு சாண் துண்டை எடுத்து, வெட்டிய கம்பிவலையின் ஓரத்தில் போட்டு மெல்ல இழுக்கிறார் டெய்லரம்மா. நூல் சிக்குகிறது. சிக்கிய இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைக்கிறார். அரத்தால் நாலு இழுப்பு. மறுபடியும் துணி. இந்த முறை வழுக்கிக்கொண்டு போகிறது. "ம், போ" என்று வலைக்கே உத்தரவு கொடுத்துவிட்டு அடுத்த சாணுக்கு நகர்கிறார்.

வயது அறுபத்தொன்பது. நாற்பது வருடம் பள்ளிச் சீருடை தைத்த அறைதான் இப்போது பட்டறை. தையல் மெஷின் மூலைக்குப் போய்விட்டது. துணி வெட்டிய மேசையின் விளிம்பில் பொருளைக் கவ்வி இறுக்கும் இரும்பு வைஸ் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. வலது கட்டைவிரல் மூட்டு நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருக்கிறது. கேட்டால், "அது ரிட்டயர் ஆயிடுச்சு. நான் ஆகலை" என்பார்.

இந்த வலை அவருடைய நாத்தனாருக்காக. பிறவியிலேயே பார்வையில்லாதவர். டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்று, விடுதியில் தனியாக இருந்தார். அவருடைய அண்ணன், டெய்லரம்மாவின் கணவர், காலமான பிறகு, "ரெண்டு பேரும் தனித்தனியா உக்காந்து சுவரையா பாக்கறது?" என்று டெய்லரம்மா கூப்பிட்டார். "நான் எங்க அண்ணி பாக்கப் போறேன்" என்று சிரித்துக்கொண்டே, ஒரு பெட்டி நிறைய, விரலால் தடவிப் படிக்கும் புள்ளியெழுத்துப் புத்தகங்களோடு வந்து சேர்ந்தார்.

மாடி நடையின் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி அகலம். கால் நழுவினால் நேரே கீழே முற்றம். அதை இடுப்பு உயரத்துக்கு வலையால் அடைத்துவிடலாம் என்று டெய்லரம்மா அரை அங்குலக் கட்டம் போட்ட வலைச் சுருள் வாங்கினார். அங்கேதான் தையல்காரப் புத்தி வேலையைக் கெடுத்தது. சாக்பீஸால் நேர்கோடு போட்டு, கோட்டின் மேலேயே வெட்டினார். துணி என்றால் சரி. வலையிலோ கோடு கட்டங்களின் நடுவே ஓடியது. ஓரமெல்லாம் சீப்புப் பல்லாக நின்றது.

"தள்ளுங்க அத்தை, அஞ்சு நிமிஷ வேலை" என்று மருமகன் வெட்டும் மெஷினைக் கொண்டுவந்தார். தீப்பொறி பறந்தது, சத்தம் தெருவைக் கூட்டியது, பற்கள் போயின. அஞ்சு நிமிஷம்தான். ஆனால் ஒவ்வொரு முனையிலும் உருகி எழுந்த பிசிறு நின்றது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

மறுநாள் காலை, மாட்டிய வலையின் ஓரத்தைத் தடவிக்கொண்டு நடந்தபோது நாத்தனாரின் வலது ஆள்காட்டி விரல் நுனி கிழிந்தது. அவர் படிக்கும் விரல். கழுவி, மருந்து வைத்துக் கட்டினார்கள். மூன்று வாரம் புத்தகம் கிடையாது. நாத்தனார் அதன்பின் வலையைத் தொடாமல் கோலைத் தட்டிக்கொண்டு நடையின் நடுவாக நடந்தார். புத்தகங்களைத் திரும்பப் பெட்டியில் அடுக்கினார். "விடுதியில என் ரூம் இன்னும் காலியாத்தான் இருக்காம், அண்ணி."

"காலியாவே இருக்கட்டும். காயம் ஆறட்டும், அதுவரைக்கும் எனக்கு டைம் குடு" என்றார் டெய்லரம்மா.

மருமகன் மாட்டியிருந்த வலையை டெய்லரம்மாவே கழற்றினார். அன்று தொடங்கியது இரும்புக்கடை நடை. தகரக் கத்தரியைக் கையில் எடுத்து இரண்டு முறை திறந்து மூடினார். "இது உன் கைக்குச் செஞ்சது. என் கைக்கு இல்லை." நீளக் கைப்பிடி கட்டரைத் தூக்கிப் பார்த்தார். "பூட்டு உடைக்கற திருடனுக்குக் குடு." கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "டெய்லரம்மா, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறவங்ககூட இவ்வளவு தட்டிக் கழிக்க மாட்டாங்க."

"அவங்க பிடிக்கலைன்னா பேசித் தீத்துக்குவாங்க. இது கையைக் கிழிச்சிடும்."

கடைசியில் எடுத்தது சின்ன சைடு கட்டர். கைப்பிடிக்கு நடுவே ஸ்பிரிங். வெட்டும் வாயின் ஒரு பக்கம் சப்பட்டை. குறுக்குக் கம்பியோடு ஒட்டி வைத்தால் கம்பியை மொட்டையாக நறுக்கும். ஆனால் ஒவ்வொரு கம்பியாக வெட்ட வேண்டும். நானூற்றுச் சொச்சம் கம்பி. பத்தாவது கம்பியிலேயே கட்டைவிரல் எரிந்தது. அதற்கும் வழி கண்டார். கட்டரின் ஒரு கைப்பிடியை வைஸில் இறுக்கினார். வலையை இடது கையால் வாயில் ஊட்டினார். மேல் கைப்பிடியை உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தினார். டக். உடம்பு எடையே வெட்டியது. நாளைக்கு ஐம்பது கம்பி. அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. பிறகு கை வெந்நீரில்.

வெட்டிய ஓரத்தை அப்படியே விடவும் மனமில்லை. ஒரு கட்டம் கூடுதலாக விட்டிருந்தார். அதை மரச்சட்டத்தின் மேல் வைத்து வெளிப்பக்கமாக மடக்கிச் சுத்தியலால் தட்டினார். "பாவாடைக்கு ஓரம் மடிச்சுத் தைக்காம எந்தக் காலத்துல குடுத்திருக்கேன்?" என்று மருமகனைக் கேட்டார். மருமகன் மெஷினின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

இன்று கடைசிச் சாண். துணி சிக்காமல் ஓடிவிட்டது. வலையை மாட்டி முடித்ததும், "வந்து பாரு" என்று கூப்பிடுகிறார்.

நாத்தனார் வருகிறார். முதலில் புறங்கை. பிறகு சுண்டுவிரல். அதன் பிறகுதான், தோல் புதிதாக இளஞ்சிவப்பில் மூடியிருக்கும் அந்த ஆள்காட்டி விரலை ஓரத்தின் மேல் வைக்கிறார். நடக்கிறார். டெய்லரம்மா கூடப் போகவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்கிறார். நாத்தனார் கடைசி மூலை வரை போய், அதே விரலில் திரும்பி வருகிறார். வேகம் கூடியிருக்கிறது.

"அண்ணி, இதை எங்கயாவது மாட்டுங்க" என்று கோலை நீட்டுகிறார்.

டெய்லரம்மா பட்டறைக்குள் போய், ஆணியில் தொங்கும் சைடு கட்டரைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அந்த ஆணியில் கோலை மாட்டுகிறார்.