ஈஸ்வரமூர்த்தியின் நைட் ஷிப்ட் ஆள்

என் டி-ஷர்ட்டின் கழுத்துப் பட்டியை இரண்டு விரலால் இழுத்து, விட்டு, அது திரும்புவதைக் குனிந்து பார்க்கிறார் ஈஸ்வரமூர்த்தி. "நீளுதுங்க, திரும்பி வர மாட்டேங்குது. எங்க எடுத்தீங்க, காதர்பேட்டைங்களா?" வணக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான். வேலம்பாளையத்தில் கழுத்துப் பட்டிக்கான ரிப் துணி ஓட்டும் நாலு மெஷினுக்கு முதலாளி. மகளைப் பெண் பார்க்க வந்த பையனின் கழுத்தையும் இப்படித்தான் இழுத்தார். நல்லவேளை, அந்த ரிப் திரும்பி வந்தது, கல்யாணமும் நடந்தது.

இப்பேர்ப்பட்டவர் ஒரு சிலந்தியிடம் விழுந்தது கரன்ட் போன ஒரு நிலா ராத்திரியில். கம்பெனியின் பின்னால், கக்கூஸுக்குப் போகும் பாதையோரக் குரோட்டன்ஸ் செடியில், தலைகீழாகத் தொங்கியபடி முன்னங்கால் நான்கிலும் தபால்தலை அளவு வலையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது அது. குறி பார்க்கக் கீழ் இலையில் தன் எச்சத்தாலேயே ஒரு வெள்ளைப் பொட்டு. எறும்பு பொட்டைத் தாண்டியதும் வலையை அகல விரித்து மேலே போட்டு அள்ளிக்கொண்டது.

"அந்த விரி விரிஞ்சு பழையபடி சுருங்குதுங்க! லைக்ரா நூல்லகூட அப்படி வராதுங்க. வேலை முடிஞ்சா வலையத் தின்னுபோடுது. கட்டிங் வேஸ்ட்டே இல்லீங்க!" சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்குகிறது. நான் சிரிப்பை அடக்க இருமிவைத்தேன்.

மறுநாளே அந்தப் பாதையின் விளக்கைக் கழற்றிவிட்டார். அதன் பெரிய கண்களுக்கு வெளிச்சம் ஆகாதாம். ராத்திரி வேலைப் பெண்கள் சுவரைத் தடவிக்கொண்டு போனார்கள். மனைவி மயிலாள் தலையில் அடித்துக்கொண்டார். "பூச்சிக்குக் குடுக்கற மரியாதைல காவாசி மனுசருக்குக் குடுங்க."

ஆர்டர் கொடுக்கும் கம்பெனியிலிருந்து ஒரு சாயங்காலம் மதுமதி என்ற அதிகாரி சோதனைக்கு வந்தார். இருட்டிக் கிடந்த பாதையைப் பார்த்ததும் முகம் மாறியது. "நாளைக்குள்ள லைட் போடலைன்னா ஆர்டர் கேன்சல் சார்."

"நைட் ஷிப்ட்ல ஒருத்தருக்கு வெளிச்சம் ஆகாதுங்க."

"அவர் எங்க தங்குறார்?"

"அந்தச் செடியிலதாங்க."

"செடியிலயா? சாப்பாடு?"

"எறும்பு சிக்குனா உண்டுங்க. இல்லீன்னா பட்டினிதாங்க."

"லீவு?"

"கேட்டதே இல்லீங்க."

மதுமதியின் பேனா நின்றுவிட்டது. போலீஸைக் கூப்பிடுவதற்குள் அவரை அழைத்துப் போய்ச் செடியைக் காட்டினார் ஈஸ்வரமூர்த்தி. வலை வீச்சைப் பார்த்த மதுமதி வாயைப் பிளந்தார். பிறகு சொன்னார்: "அழகாத்தான் இருக்கு சார். ஆனா இந்த வழியாப் போற பொண்ணுங்களுக்கும் கண்ணு இருக்கு."

அது ஈஸ்வரமூர்த்திக்கு உறைத்தது. ஆர்டர் போனால் மெஷினும் நின்றுவிடும். மறுநாள் விளக்கு வந்தது. ஆனால் சிலந்தி ஓடிவிட்டால் என்ன செய்வது என்று மனிதர் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார். செடியைப் பெயர்த்து வேறு இடத்தில் நட்டால் என்ன என்று கேட்டேன்.

"எடம் மாத்துனா ஆளு நிக்காதுங்க" என்றார், வேலைக்கு ஆள் வைத்துப் பழகிய முதலாளியாக.

நேற்று ராத்திரி போயிருந்தேன். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. பாதை பளிச்சென்றிருக்க, பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். விளக்குக்கும் செடிக்கும் நடுவே பெரிய கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தபடி நின்றார் ஈஸ்வரமூர்த்தி.

"மழையா பெய்யுது மொதலாளி?" என்றாள் ராத்திரி வேலைக்கு வரும் நதியா.

அவர் உதட்டில் விரலை வைத்து அவளை அடக்கினார். வலிக்கிற கையை மாற்றிக்கொண்டு, குடையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினார்.