லாகூர் வீட்டுக்கு நாலெல்லை

தான் கண்ணால் காணாத ஓர் இடத்தைப் பற்றி ஒரு மனுஷி எவ்வளவு சரியாக எழுதிவிட முடியும்? கோசலையின் வாழ்க்கையைப் பார்த்தால், ஓர் எழுத்துகூடப் பிசகாமல் என்றுதான் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் பத்திரம் பதியும் நொத்தாரிசு ஒருவரின் கந்தோரில் பதினொரு வருஷம் காணி உறுதி எழுதியவள் அவள். கிழக்கில் யாருடைய வளவு, வடக்கில் யாருடையது, மேற்கில் ஆள் நடக்கும் ஒழுங்கையா வேலியா, தெற்கில் யார் என்று எத்தனையோ காணிகளுக்கு நாலெல்லை எழுதியிருக்கிறாள். அவற்றில் ஒன்றின் படலையைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. கந்தோர், வீடு, கோயில். அவள் போய்வந்த தூரம் அவ்வளவுதான். ஆனால் மூலத்தையும் பிரதியையும் வாய்விட்டு வாசித்து ஒத்துப் பார்க்கும்போது ஒரு காற்புள்ளி கூடிவிட்டாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவாள். நொத்தாரிசுக்கே அவளிடம் கொஞ்சம் பயம்.

இப்போது வயது அறுபது. பாரிஸில், லா சப்பலில் ஒரு துணிக்கடையின் பின்பக்கத்தில் தையல் மெஷினோடு இருக்கிறாள். சட்டை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அளவுச் சட்டையோடு ஊர்க் காணி உறுதியையும் கொண்டுவந்து நீட்டுவார்கள். கோசலை ஊசியை வாயில் கவ்வியபடியே வாசித்து, "உங்கட மாமா உங்களுக்கு ஒழுங்கையை மட்டும்தான் எழுதித் தந்திருக்கிறார்" என்பாள். அந்தத் தெருவில் இதைக் கேட்டு அழுதுகொண்டு போனவர்கள் உண்டு. வார்த்தையை மெத்தென்று சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை.

கடை முதலாளி பல்தேவ் ஒரு பஞ்சாபி. வயது எண்பத்து நாலு. கடையை இப்போது மகன் பார்க்கிறான். பல்தேவ் வாசலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. எதிரே நிற்பவரைப் பார்க்கத் தலையைப் பக்கவாட்டில் திருப்புவார். பழகாதவர்கள் தங்களோடு கோபம் என்று நினைப்பார்கள். பிறந்தது லாகூரில். நாற்பத்தேழில், ஆறு வயதில், குடும்பத்தோடு எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தவர், பிறகு ஒருநாளும் அந்த வீட்டைப் பார்க்கவில்லை. மூன்று தடவை விசா கேட்டார். இரண்டு தடவை இல்லை என்றார்கள். மூன்றாம் தடவை தந்தார்கள். அதற்குள் கண் போய்விட்டது.

அந்த வீட்டின் நடுமுற்றத்தில் ஒரு கிணறு இருந்தது என்பது பல்தேவின் கட்சி. இடப்பக்கம் படிக்கட்டு, படிக்கட்டின் கீழே நீல மாடம், நடுவில் கிணறு. டெல்லியில் இருக்கும் அவருடைய அக்கா பிரேம்லதாவுக்கு எண்பத்தொன்பது வயது. அவருடைய கட்சி வேறு. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு கலியாண வீட்டில், நூறு பேர் நடுவில், "எங்கள் வீட்டில் ஏது கிணறு? அது எதிரே சித்தப்பா வீட்டில். இவனுக்கு அப்போது மூக்குச் சிந்தவே தெரியாது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

பல்தேவும் கோசலையும் பேசிக்கொள்வது பிரெஞ்சில். பஞ்சாபும் யாழ்ப்பாணமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் அந்த பிரெஞ்சு சற்று நசிந்துதான் இருந்தது.

"மதாம் கோசலை, வெளியே எனக்கு எதுவும் தெரிவதில்லை. கண்ணை மூடினால் அந்த ஒரு வீடு மட்டும் தெளிவாகத் தெரிகிறது. அது என் வீடுதானா, அல்லது எண்பது வருஷமாக வேறொருவர் வீட்டில் குடியிருக்கிறேனா? இதைத் தெரிந்துகொள்ளாமல் சாக எனக்கு விருப்பமில்லை."

"உங்கட மகனை அனுப்புங்கோவன், முசியே."

"அவன் இணையத்தில் பார்க்கச் சொல்கிறான். நீங்கள் போங்கள். உங்கள் கடவுச்சீட்டைக் கண்டால் அங்கே யாருக்கும் எரிச்சல் வராது. நீங்கள் எழுதினால் அது எழுதினதுதான்."

கோசலை இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் "வீ" என்று பிரெஞ்சிலேயே சம்மதித்தாள். பல்தேவ் டெல்லிக்கும் ஒரு கடிதம் போட்டார்: காணி எழுதுகிற ஒரு பெண்ணை அனுப்புகிறேன், அவள் எழுதுவதற்கு இருவரும் கட்டுப்படுவோம். அக்காவின் பேரன் மூலம் பதில் வந்தது: சம்மதம், ஆனால் ஒரு பிரதி எனக்கு நேரே வரவேண்டும், உன் கையால் வந்தால் தொடமாட்டேன்.

சார்செல் புறநகர் வீட்டில் கோசலையின் கணவர் தவரத்தினம் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். உணவுச்சாலை ஒன்றில் சமையல் வேலை அவருக்கு. வீட்டில் பேச்சு மட்டும்தான்.

"எங்கட வளவுக்கு எல்லை காட்ட வரச் சொன்னா உமக்கு லீவு இல்லை. லாகூருக்கு மட்டும் லீவு இருக்கோ?"

"அங்கை சொந்தக்காரர் இல்லையப்பா. நிம்மதியா எல்லை பாக்கலாம்."

லா சப்பலில் கைபேசி திருத்தும் இர்ஷாத்தின் தங்கை ருபீனா லாகூரில் பள்ளி ஆசிரியை. அவள் வீட்டில்தான் கோசலை தங்கினாள். மறுநாள் காலை இருவரும் பழைய நகரத்துக்குள் போனார்கள். பல்தேவ் சொன்ன சந்து இருந்தது, சந்தின் வளைவு இருந்தது, வளைவில் மரப்பலகணி வைத்த மூன்று மாடி வீடும் இருந்தது. கோசலை அதைப் பார்த்த முதல் பார்வையிலேயே முகம் சுளித்தாள். வேலி இல்லை. மதில் இல்லை. பக்கத்து வீட்டுச் சுவரும் இந்த வீட்டுச் சுவரும் ஒன்றே. இப்படி ஒரு வளவை எழுதும்படி வந்திருந்தால் அவளுடைய நொத்தாரிசு காய்ச்சலில் படுத்திருப்பார்.

அவள் கதவைத் தட்டவில்லை. யாழ்ப்பாணத்துக் கந்தோர்க்காரி யாரும் செய்வதைத்தான் செய்தாள்: கைபேசியில் திசை பார்த்து, கொப்பியை விரித்து, முதலில் அயலாரை விசாரித்தாள். அவளுடைய ஆங்கிலம் முழுக்க உறுதிகளில் படித்தது. பசிக்கிறது என்று சொல்ல ஒரு கணம் யோசிக்கவேண்டும்; உரித்தாளர், வாரிசு, மேற்படி ஆதனம் என்பவை தானாக வாயில் வரும்.

"மேற்படி வீட்டுக்குக் கிழக்கே உரித்தாளர் யார்? அவருடைய தகப்பன் பெயர் என்ன? வாரிசுகள் உண்டா?"

கேட்டது கிழக்கு வீட்டுக்காரரிடம். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். வடக்கு வீட்டில் ஒரு பெண் சன்னலைத் திறந்து சத்தமாக யாரையோ கூப்பிட்டாள். ருபீனா கோசலையின் கையைப் பிடித்தாள்.

"ஆன்ட்டி, வாரிசு பற்றி ஏன் கேட்கிறீர்கள்? வீட்டைப் பார்க்க வந்ததாகத்தானே சொன்னீர்கள்?"

"வாரிசு தெரியாமல் எப்படி எல்லை எழுதுறது?"

தேத்தண்ணி கொதிக்கிற நேரத்துக்குள் சந்து நிறைந்துவிட்டது. நாற்பத்தேழில் போனவர்கள் வக்கீலை அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு மாடியிலிருந்து மறு மாடிக்குச் செய்தி போனது. கடைசியில் வீட்டுக்காரரே வந்தார். எழுபது வயது, வெள்ளைத் தாடி. சந்தில் எல்லாரும் அவரை ஹாஜி சாகிப் என்றார்கள்.

"எந்தக் கோர்ட்டு?" என்றார்.

ருபீனா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள்: பாரிஸ், கண் தெரியாத கிழவர், டெல்லி அக்கா, கிணறு. ஹாஜி கோசலையை மேலும் கீழும் பார்த்தார்.

"இடத்தைப் பார்க்க வந்தவள் எங்கள் அப்பன் பெயரையெல்லாம் ஏன் கேட்கிறாள்?"

"பக்கத்தில் ஆர் இருக்கினம் எண்டு சொல்லாமல், ஒரு வீடு எங்கை இருக்கு எண்டு எப்படிச் சொல்லுறது?" என்றாள் கோசலை. ருபீனா அதை மொழிபெயர்த்தாள்.

ஹாஜி தாடியைத் தடவினார். பிறகு சிரித்தார். "சரி, எழுது. ஆனால் கிழக்குக்காரனைப் போடாதே. குப்பை விஷயத்தில் இரண்டு வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை."

"எல்லைக்காரர் பேசத் தேவையில்லை. இருந்தால் போதும்."

இதை மொழிபெயர்த்தபோது கிழக்கு வீட்டுக் கதவு திறந்தது. பெயரும் தகப்பன் பெயரும் தாத்தா பெயரும் கிடைத்தன.

உள்ளே தேநீர் தந்தார்கள். வீட்டில் பெண்கள் இருந்ததால் படம் மட்டும் எடுக்கவேண்டாம் என்றார்கள். கோசலை நடுமுற்றத்தில் போய் நின்றாள். செங்கல் தளம், ஒரு கைப்பம்பு, துணிக்கொடி. படிக்கட்டு வலப்பக்கம்.

"கிணறு?"

"இருந்ததே இல்லை," என்றார் ஹாஜி. "ஜலந்தரில் விட்டுவந்த வீட்டுக்குப் பதிலாக என் அப்பாவுக்கு நாற்பத்தெட்டில் கிடைத்தது இது. குழாய் பதிக்க நானே இந்த முற்றம் முழுக்கக் கிண்டினேன். மண்தான். கிணறு எதிர்வீட்டில்."

எதிர்வீட்டுக்கும் போய்ப் பார்த்தாள். இடப்பக்கம் படிக்கட்டு. படிக்கட்டின் கீழே மாடம். சுண்ணாம்பைச் சுரண்டினால் நீலம். நடுவில் கல்பலகை போட்டு மூடிய கிணறு. ஆறு வயதுப் பையன் ஒருவன் எண்பது வருஷத்துக்கு முன் பார்த்ததில் ஒன்றுகூடத் தவறவில்லை, வீட்டைத் தவிர.

"கிணறு உண்டு என்றே எழுதிவிடுங்கள்," என்று வாசலில் ஹாஜி சொன்னார். "எனக்கென்ன குறைந்துவிடப் போகிறது? கிணறுள்ள வீடு கௌரவம்தானே."

கோசலைக்கு அந்தப் பகிடி பிடிக்கவில்லை. செருப்பை மாட்டினாள்.

பாரிஸ் திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மேசையில் உட்கார்ந்து எழுதினாள். தவரத்தினம் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். இரண்டு தடவையும் அவள் கையால் தாளை மூடினாள். திங்கள் காலை ஓர் உறை டெல்லிக்குத் தபாலில் போனது. மற்றதைக் கடைக்குக் கொண்டுபோய், மெஷினை நிறுத்திவிட்டு, பல்தேவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று வாசித்தாள். கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு. ஒவ்வொரு பெயருக்கும் பல்தேவ் தலையாட்டினார், அந்தப் பெயர்க்காரர்கள் எல்லாம் அவருக்குப் பிறகு பிறந்தவர்கள் என்றாலும்.

"மேற்படி எல்லைகளுக்குள் அடங்கிய மூன்று மாடி வீடும்," என்று வாசித்த கோசலை ஒருதரம் மூச்சு விட்டாள், "நடுமுற்றத்துக் கிணறும், இடப்பக்கப் படிக்கட்டும், அதன் கீழுள்ள நீல மாடமும்."

பல்தேவ் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை வாசியுங்கள்."

வாசித்தாள். மூன்றாம் தடவையும் வாசித்தாள்.

"அக்காவுக்கு இது கஷ்டமாக இருக்கும்," என்றார். "பாவம்."

இரண்டு வாரம் கழித்து டெல்லியிலிருந்து தொலைபேசி வந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. அக்காவும் தம்பியும் பஞ்சாபியில் ஒரு மணி நேரம் பேசினார்கள். கடை முழுக்கச் சிரிப்புச் சத்தம். வைத்தபிறகு பல்தேவ் மெஷின் பக்கம் வந்தார்.

"கிணற்றுப் பேச்சை இனி எடுக்கவேண்டாம் அக்கா என்றேன். தோற்றவரைக் குத்திக்காட்டக்கூடாது பாருங்கள். நானும் அதைத்தான் சொல்ல வந்தேன் தம்பி என்றார். எவ்வளவு பெருந்தன்மை!"

கோசலை நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு ஞாயிறு தோறும் அந்தத் தொலைபேசி வந்தது.

கோடையில் ஒருநாள், மின்சாரக் கட்டண ஃபக்த்தூர் ஒன்றைத் தேடிய தவரத்தினத்தின் கையில் அவளுடைய கோப்பு அகப்பட்டது. லாகூர் எழுத்தின் போட்டோக் கொப்பி இரண்டு இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இஞ்சேரும், பாரிஸ்க் கொப்பியில கிணறு இருக்கு. டெல்லிக் கொப்பியில கிணத்தைக் காணேல்லை. படியும் வலப்பக்கம் போயிட்டுது."

"ஓம்."

"ஒரு கொமாவுக்கே தாளைக் கிழிக்கிற மனுசி நீர். ஏனப்பா இப்பிடிச் செய்தனீர்?"

"புட்டு ஆறுது. வாங்கோ."

அன்றும் சொல்லவில்லை, அவர் எத்தனையோ தரம் கேட்டும் பிறகும் சொல்லவில்லை. இரண்டு கொப்பியின் அடியிலும், ஒரே மையில், மூலத்துக்குச் சரியான பிரதி என்று எழுதி அவள் கையொப்பம் வைத்திருந்தாள்.