மச்சான் சீராகக் கொடுத்த ஆன்டிவைரஸ்

போன ஆவணியில், முகூர்த்த நாட்கள் வரிசைகட்டி நின்ற நேரம். துடியலூரில் எங்கள் வீட்டு முன்னறையில், ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் நான் நடந்துகொண்ட விதத்தை என் மனைவி இன்றும் வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் நடித்துக் காட்டுகிறாள். அவள் நடிப்பில் கொஞ்சம் மிகை இருக்கிறது. அதனால் நானே எழுதிவிடுவது நல்லது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மனைவி வீட்டிலேயே கம்ப்யூட்டர் எம்பிராய்டரி செய்கிறாள். கல்யாண ரவிக்கைகளுக்கு மயில், மாங்காய், பல்லக்கு என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால், பக்கத்தில் நிற்கும் மெஷின் அதை அப்படியே துணியில் தைத்துத் தள்ளும். வரைவது, தைப்பது, வாடிக்கையாளரிடம் பேசுவது எல்லாம் அவள். என் பங்கு ஒன்றே ஒன்றுதான்: கம்ப்யூட்டருக்கு நல்ல ஆன்டிவைரஸாகப் பார்த்துப் போடுவது. நான் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் கொள்முதல் பிரிவில் இருப்பவன். நாலு இடத்தில் விசாரித்து, அலசி, ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். அந்தத் திமிரில் ஆபீஸ் முடிந்து வந்ததும் இணையத்தில் உட்கார்ந்து படிப்பேன். எது நல்லது என்று தெரிந்ததோ இல்லையோ, உலகத்தில் எத்தனை விதமான வைரஸ் இருக்கிறது என்பது நன்றாகத் தெரிந்துபோனது. தூக்கத்தில்கூட அவை வர ஆரம்பித்தன.

நான் முடிவெடுப்பதற்குள் மெஷினுக்குப் பூஜை போடும் நாள் வந்துவிட்டது. சோமனூரிலிருந்து மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், தட்டு வரிசையோடு வந்து இறங்கினார். விசைத்தறி வைத்திருப்பவர். தங்கைக்குச் செய்வதில் குறை வைக்கிற ஆளே இல்லை. ஒரு தட்டில் புடவை, ஒன்றில் பழம், ஒன்றில் தேங்காய் வெற்றிலை. கடைசித் தட்டில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் ஆன்டிவைரஸ். பெட்டியின் மேல் மஞ்சள் குங்குமம் வேறு.

“அம்மணி தொழிலுக்கு அண்ணன் சீருங்க மாப்ளே” என்றார்.

பிறந்த வீட்டுச் சீரைப் பார்த்து, ‘இதைவிட நல்லதாக ஒன்று இணையத்தில் படித்தேன்’ என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. எங்கள் பக்கத்தில் எந்த மாப்பிள்ளைக்கும் இருக்காது. அன்றே அதைப் போட்டோம்.

அடுத்த வாரம் எதிர்வீட்டுக்காரர் வந்தார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் ஊரில் இல்லாத நாளில் தண்ணீர் வந்தால் எங்கள் தொட்டியையும் நிரப்பி வைக்கும் மனிதர். காபி குடிக்க வந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்ததும், தன் வீட்டில் இருக்கும் ஆன்டிவைரஸுக்கு நிகர் கிடையாது என்றார். ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அதை இறக்கவே தொடங்கிவிட்டார். நடுவில், ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டிவைரஸ் ஒத்துப்போகாது என்று எச்சரிக்கை வந்தது. அவர் படிக்காமல் ‘சரி’ என்று அழுத்தினார். நான் படித்தேன், ஆனால் தடுக்கவில்லை. நமக்காக மெனக்கெடும் பெரிய மனிதரை நாற்காலியிலிருந்து எப்படி எழுப்புவது? கதவுக்கு இரண்டு பூட்டு போட்டால் கெட்டா போய்விடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அன்றிலிருந்து கம்ப்யூட்டர் நடக்க முடியாமல் நடந்தது. ஒரு டிசைனைத் திறக்கச் சொல்லிவிட்டு மனைவி ரசத்துக்குத் தாளித்துவிட்டு வருவாள். ஆனாலும் மச்சான் போனில் விசாரிக்கும் போதெல்லாம், உங்கள் ஆன்டிவைரஸ் வாசலில் காவல்காரன் நிற்பது மாதிரி நிற்கிறது என்று புகழ்ந்து தள்ளுவேன். எதிர்வீட்டுக்காரரிடமும் அதே காவல்காரன்தான், அதே வாசல்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் காலையில் கொடுமுடி கோயிலில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். அவளுடைய முகூர்த்த ரவிக்கை எங்கள் மெஷினில் இருந்தது. முதுகில் பல்லக்கு முடிந்துவிட்டது, இடது கை முடிந்துவிட்டது. அதே மயிலைக் கம்ப்யூட்டரில் திருப்பிப் போட்டு வலது கைக்கும் தைத்துவிட்டால் வேலை முடிந்தது. பெண்ணின் அம்மா சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து மனைவி போய் உட்கார்ந்தால், டிசைன் சாஃப்ட்வேரையே காணோம். திரையில் அது இருந்த இடம் காலி. ஒரு மூலையில் சிவப்பாக ஒரு பெட்டி துடித்துக்கொண்டிருந்தது.

நான் ஓடிப் போய் அந்தப் பெட்டியை மூடினேன். மறுபடி வந்தது. மூடினேன். வந்தது. வைரஸ் உள்ளே புகுந்துவிட்டது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. முதலில் இணைய வயரைப் பிடுங்கினேன். பிறகு மவுஸைப் பிடுங்கினேன். அதை ஏன் பிடுங்கினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பென்டிரைவைக் கழற்றி பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினேன். தொற்றிவிடக்கூடாது என்று என் கைபேசியைக் கொண்டுபோய்ப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். கடைசியாகச் சாமி படத்துக்கு முன்னால் இருந்த திருநீற்றை எடுத்து கம்ப்யூட்டர் பெட்டியின் நெற்றியாக எனக்குத் தோன்றிய இடத்தில் பூசினேன். சாயங்காலம் அந்த அம்மாவிடம் ஒரு கை மட்டும் உள்ள ரவிக்கையை எப்படி நீட்டுவது? விஷயம் வெளியே தெரிந்தால் அப்புறம் யார் கல்யாணத் துணியை நம்பிக் கொடுப்பார்கள்?

மனைவி இத்தனையையும் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னை நகர்த்திவிட்டு, மவுஸைச் சொருகி, நான் மூடிக்கொண்டே இருந்த சிவப்புப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று நிதானமாகப் படித்தாள்.

“ஏனுங்க, வைரஸ் ஒண்ணையும் காணமுங்க. நம்ம சாஃப்ட்வேர் பேருதான் போட்டிருக்குது. சந்தேகமா இருக்குதுன்னு புடிச்சு உள்ள வெச்சிருக்குதாமா. உடட்டான்னு கேக்குது.”

விடு என்று அழுத்தினாள். சாஃப்ட்வேர் வெளியே வந்தது. அடுத்த நொடி இன்னொரு மூலையில் மஞ்சளாக வேறொரு பெட்டி. இது எதிர்வீட்டுக்காரருடையது. அதுவும் அதே சாஃப்ட்வேரைப் பிடித்து உள்ளே போட்டது. அங்கே விடுவித்தால் இங்கே பிடித்தது. இங்கே விடுவித்தால் அங்கே. போதாததற்கு ஒன்றையொன்று வைரஸ் என்று வேறு குற்றம் சாட்டிக்கொண்டன. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் பங்காளிச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

“ரெண்டையும் எடுத்துப்போடுங்க” என்றாள் மனைவி.

எனக்கு வைரஸ் பயம் போய் அதைவிடப் பெரிய பயம் வந்தது. சீரை எப்படி எடுப்பது? குங்குமம் வைத்துக் கொடுத்தது. நாளைக்கு மச்சான் வந்து கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது? வேறு வழி இல்லை, எதிர்வீட்டுக்காரருடையதை மட்டும் எடுப்போமா, அவர் தண்ணீர் விடாமல் போய்விட்டால், என்று நான் கொள்முதல் கமிட்டி கூட்டம் போல ஆராய்ந்துகொண்டிருந்தேன். அவள் காத்திருக்கவில்லை. தன் கைபேசியில் அண்ணனைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியைப் போட்டு, நடந்ததை ஒரு மூச்சில் சொல்லி, உன் ஆன்டிவைரஸை எடுக்கப்போகிறேன் என்றும் சொல்லிவிட்டாள்.

“கண்ணு, மாப்ள பக்கத்துல இருக்கறாருங்களா?” என்றார் மச்சான். இருக்கிறார் என்றாள். “மாப்ளே, நீங்க தப்பா நெனைச்சுக்கக் கூடாதுங்க. என்ற ஊட்டுக்கும் அதையேதானுங்க வாங்குனேன். தறிக்கு டிசைன் போடறத அது தொறக்கவே உடலீங்க. போட்ட மறு வாரமே எடுத்துப்போட்டேன்.”

“அப்புறம் ஏனுங்க மச்சான் எங்ககிட்டச் சொல்லலே?”

“எப்புடிங்க சொல்றது? போன் பண்ணுனா காவல்காரன் மாதிரி நிக்குதுங்கறீங்க. உங்களுக்கு அவ்வளவு புடிச்சதப் போய் நானு எடுக்கச் சொல்றதுங்களா?”

மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் மரியாதை பார்த்து, நடுவில் அவளுடைய மயிலைப் பிடித்து உள்ளே வைத்திருந்தோம்.

மச்சான் ஏற்கெனவே அடிபட்டவர் ஆகையால் வழி தெரிந்திருந்தது. முதலில் இரண்டின் காவலையும் கொஞ்ச நேரத்துக்கு நிறுத்திவைத்து, சாஃப்ட்வேரை விடுவிக்கச் சொன்னார். பிறகு ஒவ்வொன்றாக இரண்டையும் நீக்கி, கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னார். கம்ப்யூட்டரோடு வாங்கும்போதே ஒரு பாதுகாப்பு வருகிறது, வெளியிலிருந்து வேறு ஒன்றைப் போட்டதும் அது ஒதுங்கிக்கொண்டது, இரண்டையும் எடுத்தால் அதுவாகவே வேலைக்கு வந்துவிடும் என்றார். தன் வீட்டில் அதுதான் ஓடுகிறதாம். அவ்வப்போது வரும் அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதுமாம். அதோடு டிசைன்களை எல்லாம் தனியாக ஒரு ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, கம்ப்யூட்டரோடு சேர்த்தே மாட்டிவைக்காமல் கழற்றி பீரோவில் வைக்கச் சொன்னார். நான் அத்தனை நாள் படித்துப் படித்து எட்டாத முடிவு இது.

கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தபோது சாஃப்ட்வேர் இருந்த இடத்தில் இருந்தது. மனைவி மயிலைத் திருப்பிப் போட்டாள். மெஷின் தடதடவென்று தைக்கத் தொடங்கியது. பெண்ணின் அம்மா வந்தபோது கடைசித் தோகை ஓடிக்கொண்டிருந்தது. அவர் காபி குடித்து முடிப்பதற்குள் வலது கையும் தயார். ரவிக்கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தவர், ரெண்டு மயிலும் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்குதுங்க என்றார். கம்ப்யூட்டர் பெட்டியில் ஏன் திருநீறு என்று கேட்டார். மனைவி அன்றுதான் முதல்முறையாக நடித்துக் காட்டினாள்.

எதிர்வீட்டுக்காரரிடம் நானே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. உங்களுடையதை எடுத்துவிட்டேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்து, அப்படியானால் இதைவிட நல்லது புதிதாக ஒன்று வந்திருக்கிறது, சாயங்காலம் வந்து போட்டுத் தருகிறேன் என்றார்.

“வேண்டாமுங்க. இருக்கறதே போதுமுங்க” என்றேன்.

“செரிங்க” என்றார். அவ்வளவுதான். வானம் இடியவில்லை. ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். இத்தனை வருஷமாக நம்மேல் பிரியமாக இருப்பவர்கள் முகம் சுண்டிவிடுமே என்று பயந்து நான் தலையாட்டி வாங்கிக்கொண்ட அத்தனையையும் அவர் வீட்டு வாசலில் நின்று நினைத்துப் பார்த்தேன். பிரியமாக இருப்பவர்களிடம்தான் ‘வேண்டாம்’ என்ற சொல்லை இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியும் என்பது புரிய எனக்கு ஒரு மணப்பெண்ணின் வலது கை தேவைப்பட்டிருக்கிறது.